சோம்பலில் பிறந்த அட்டை, வாழ்த்துச் சொன்ன பீர்

உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, வந்த வேகத்திலேயே வசவு வாங்கியது. 1843-ல் லண்டனில் அச்சான அட்டை அது. நடுவில் ஒரு பெரிய குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை. பலர் கையில் ஒயின் கோப்பை. அட்டையைப் பார்க்கிறவருக்கே வாழ்த்துச் சொல்வதுபோல் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதுவரை சரி. ஒரு பெண்மணி சின்னஞ்சிறு குழந்தையின் வாயிலும் கோப்பையை வைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள்! மதுவிலக்கு இயக்கம் இங்கிலாந்தில் சூடு பிடித்திருந்த நேரம். பச்சைக் குழந்தைக்குக் குடியைப் பழக்குகிறார்கள் என்று அந்த இயக்கத்தார் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். படத்தின் இருபுறமும் பசித்தவருக்குச் சோறு போடுவதையும் குளிரில் நடுங்குகிறவருக்குத் துணி கொடுப்பதையும் ஓவியர் வரைந்திருந்தார். அதை யார் பார்த்தார்கள்?

வாழ்த்து அட்டையும் மதுக் கோப்பையும் முதல் நாளிலிருந்தே கூட்டாளிகள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டுமே கைவினைப் பொழுதுபோக்குகளாகத் திரும்பி வந்திருக்கின்றன. வார இறுதியில் நாலு நண்பர்கள் கத்தரியும் காகிதமும் பசையுமாக உட்கார்ந்து அட்டை செய்கிறார்கள். பக்கத்தில், உள்ளூரில் வடித்த, கடையில் சுலபமாகக் கிடைக்காத பீர் ஒன்று இருக்கிறது. சின்னச் சின்ன பீர் வடிப்பகங்கள் தங்கள் கூடத்திலேயே இப்படிப்பட்ட மாலைகளை நடத்துகின்றன. நம்மூரில் இந்தச் சேர்க்கை விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் இரண்டும் வந்த பாதையைப் பார்த்தால், இவை ஒரே மேசையில் சந்தித்ததில் வியப்பு இல்லை.

அந்த முதல் அட்டையைச் செய்யச் சொன்னவர் ஹென்றி கோல். அரசு அதிகாரி. பின்னாளில் 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். 1840-ல் பிரிட்டனில் பென்னி தபால் முறை வந்தபோது அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். அதற்கு முன்பு தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். அதுவும் தூரத்தைப் பொறுத்து. புதிய முறையில் அனுப்புகிறவர் ஒரு பென்னி கொடுத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும். ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். கோலின் மேசையிலும் கடிதங்கள் குவிந்தன. பண்டிகைக் காலத்தில் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு. எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் வேலை நடக்காது.

அவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரைக் கூப்பிட்டு ஒரு படம் வரையச் சொன்னார். மேலே 'யாருக்கு' என்று ஒரு கோடு, கீழே 'யாரிடமிருந்து' என்று ஒரு கோடு. பெயரை நிரப்பிப் போட்டுவிட வேண்டியதுதான். சுமார் ஆயிரம் பிரதிகள் அச்சாயின. தன் தேவைக்குப் போக மிச்சத்தை 'ஃபெலிக்ஸ் சம்மர்லி' என்ற புனைபெயரில் ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி; அந்தக் காசுக்கு 12 கடிதம் போடலாம். விலை உயர்ந்த சரக்குதான். (ஹார்ஸ்லி பிற்காலத்தில், ஓவியப் பள்ளிகளில் நிர்வாண மாடல்களை வைத்து வரையக் கூடாது என்று கொடிபிடித்துக் கிண்டலுக்கு ஆளானார். குழந்தைக்கு ஒயின் ஊட்டுவதை வரைந்தவருக்கு அந்த விஷயத்தில் மட்டும் கூச்சம்!)

ஆக, கடையில் வாங்கும் வாழ்த்து அட்டை அன்பு பொங்கி வழிந்து பிறக்கவில்லை. கடிதம் எழுதும் வேலையிலிருந்து தப்பிக்கப் பிறந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நூறு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய மனிதர் வேறு என்ன செய்வார்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அட்டையில் கோடுகள் மட்டும்தான் அச்சு. வண்ணம் முழுக்க ஒவ்வொரு பிரதியிலும் கையால் தீட்டியது. முதல் அட்டையே பாதி கைவேலை. 2001-ல் அந்த அட்டைகளில் ஒன்று, கோல் தன் பாட்டிக்கு அனுப்பியது, 22,500 பவுண்டுக்கு ஏலம் போனது.

கைவேலையை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியவர் அமெரிக்கப் பெண் எஸ்தர் ஹவ்லண்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் அவருடைய அப்பா எழுதுபொருள் கடை வைத்திருந்தார். 1847-ல் கல்லூரிப் படிப்பு முடித்து வீட்டுக்கு வந்த எஸ்தருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு காதலர் தின அட்டை வந்தது. சரிகைத்துணிபோல் நுணுக்கமாகத் துளையிட்ட காகிதம், வண்ணப் பூக்கள், அடுக்கடுக்கான வேலைப்பாடு. இதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொல்லி இங்கிலாந்திலிருந்து சரிகைக் காகிதம் வரவழைத்து மாதிரிக்குச் சில அட்டைகள் செய்தார். ஊர் ஊராகப் போய்க் கடைக்கு ஆர்டர் எடுக்கும் அண்ணன் பெட்டியில் அந்த மாதிரிகளையும் போட்டுவிட்டார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று நினைத்தார். அண்ணன் 5,000 டாலருக்கு மேல் ஆர்டரோடு திரும்பினார்.

தனியொருத்தியாகச் செய்து முடிக்கிற வேலையா இது? தோழிகளை வரவழைத்து வீட்டு மாடியில் மேசை போட்டார். ஒருத்தி பூவை வெட்டுவாள், அடுத்தவள் அடிக்காகிதத்தில் ஒட்டுவாள், இன்னொருத்தி சரிகையை மேலே பொருத்துவாள். அட்டை கைமாறிக் கைமாறி மேசையின் கடைசிக்கு வரும்போது முழுமையாகிவிடும். ஹென்றி ஃபோர்டு பிறப்பதற்கு முன்பே ஓர் அசெம்பிளி லைன்! நன்றாக வளர்ந்த அந்தத் தொழிலை 1880-களின் தொடக்கத்தில் எஸ்தர் விற்றுவிட்டு, நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அச்சு இயந்திரங்கள் ஜெயித்தன. பாஸ்டனில் லூயி பிராங் 1870-களில் பலவண்ணக் கல்லச்சில் கிறிஸ்துமஸ் அட்டைகளைக் குவித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த மலிவு அட்டைகள் அவரையும் அந்தத் தொழிலிலிருந்து விரட்டின. நமக்குத் தெரிந்த பொங்கல் வாழ்த்தும் அச்சு யுகத்தின் பிள்ளைதான். சிவகாசியில் அச்சான கரும்பும் பானையும், ஜல்லிக்கட்டுக் காளையும், எம்.ஜி.ஆரும் சிவாஜியும், பிறகு ரஜினியும் கமலும் மார்கழி பாதியிலேயே பெட்டிக்கடை வாசலில் கயிற்றில் தொங்கத் தொடங்கிவிடுவார்கள். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் குறைந்த தபால்தலை போதும் என்பது அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பொருளாதாரம். இரண்டாயிரத்துக்குப் பிறகு எஸ்.எம்.எஸ் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. ஹென்றி கோல் விரும்பிய வசதி உச்சத்துக்குப் போனது. இப்போது பெயரைக்கூட நிரப்ப வேண்டாம். நூறு பேருக்கு ஒரே தொடுதலில் ஒரே படம். வாங்குகிறவரும் அதைத் திறக்காமலே அழிக்கிறார்.

கையால் செய்யும் அட்டைக்கு மறுபடி மதிப்பு வந்திருப்பது இதற்குப் பதிலாகத்தான். நேரம் என்பது அனுப்புகிறவரிடம் இருக்கும் விலை உயர்ந்த பொருள். அதை ஒருவருக்காகச் செலவழித்ததற்கு அட்டை சாட்சியாக நிற்கிறது. நேர்த்தி இரண்டாம் பட்சம். யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்தில் 7 வயதுச் சிறுமி ஜிட்கா சாம்கோவா, உதவி செய்த யூனிசெஃபுக்கு நன்றி சொல்லப் படம் வரைந்தாள். கம்பத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஆடும் படம். வரையக் காகிதம் இல்லாததால் ஒரு கண்ணாடித் துண்டில் வரைந்தாள். ஆசிரியை அதை அனுப்பிவைத்தார். 1949-ல் அதுவே யூனிசெஃபின் முதல் அட்டையானது. அந்த அமைப்பு பிறகு பல பத்தாண்டுகள் அட்டை விற்று நிதி திரட்டியதற்கு ஆரம்பம் அந்தக் கண்ணாடித் துண்டு.

காகிதத்துக்கும் குணம் உண்டு

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் தொழில் பேச்சு.

முதலில் காகிதம். சாதாரண சார்ட் பேப்பர் மெலிசு, நிற்காது. 250 முதல் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டைக் காகிதம் கேட்டு வாங்குங்கள். கையால் செய்த காகிதம் வேண்டுமானால் புதுச்சேரி போதும். அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் இயங்குகிறது. மரக்கூழ் இல்லாமல், பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் காகிதம். பருத்தி இழை நீளமானது. அதனால் காகிதம் மடித்தாலும் எளிதில் விரிசல் விடாது, ஆண்டுகள் போனாலும் மஞ்சளடிப்பது குறைவு. ஓரம் வெட்டாமல் பிசிறோடு இருக்கும். அந்தப் பிசிறை அப்படியே விட்டால்தான் அழகு. கத்தரி போட்டு நேராக்குகிறவர்களை என்ன சொல்ல!

ஒரு ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் கைக்கு அடக்கமான அட்டை வரும். மடிப்பதற்கு முன் தாளின் வாட்டத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் வாட்டம். அந்த வாட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்திபோல் விழும். வாட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளைப் பிசிறு தெரியும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். கடையில் இதற்கென்று விலைக்கு விற்கும் கருவிகள் செய்வதும் இதைத்தான்.

அலங்காரத்துக்கு வீட்டில் இருப்பதே ஏராளம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ. உருளைக்கிழங்கில் வேண்டிய உருவத்தைச் செதுக்கலாம். பூ ஒட்ட ஆசையென்றால் மல்லிகையைத் தொடாதீர்கள், காய்ந்ததும் பழுப்பாகிவிடும். காகிதப்பூவும் பெரணி இலையும் கனத்த புத்தகத்தின் நடுவே இரண்டு வாரம் கிடந்தால் நிறத்தைப் பெரிதும் இழக்காமல் தட்டையாகிவிடும். பசையில் தண்ணீர் அதிகமானால் காகிதம் அலைபோல் நெளியும்; கெட்டியாகக் காய்ச்சிய மைதா பசையை மெலிசாகத் தடவினால் போதும். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கலந்துகொள்ளும் வேலையில் அது வேண்டாம்.

என் சொந்த விருப்பம் பளிங்கு வண்ணக் காகிதம். துருக்கியில் எப்ரூ என்று பெயர் பெற்ற கலை. 2014-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தட்டில் பிசின் கலந்து கெட்டியாக்கிய தண்ணீர். அதன்மேல் வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்தால் மூழ்காமல் மிதந்து விரியும். குச்சியாலும் சீப்பாலும் கலைத்துக் கோலம் காட்டி, மேலே காகிதத்தைப் படுக்க வைத்து எடுத்தால் அத்தனை வண்ணமும் காகிதத்துக்கு வந்துவிடும். வண்ணம் பிடித்துக்கொள்ள, காகிதத்தில் முன்கூட்டியே படிகாரத் தண்ணீர் தடவிக் காயவைப்பது வழக்கம். ஒருமுறை வந்த கோலம் மறுமுறை வராது. வீட்டில் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது: ஷேவிங் நுரையைத் தட்டில் பரப்பி, வண்ணம் விட்டுக் கலைத்து, காகிதத்தை அழுத்தி எடுத்து, நுரையை ஸ்கேலால் வழித்துவிடுவது. துருக்கிக்காரர் பார்த்தால் கோபித்துக்கொள்வார், பிள்ளைகள் குதூகலிப்பார்கள்.

ஜிகினா வேண்டாம். அட்டையைப் பிரிக்கிறவர் மடியிலும் சோற்றிலும் கொட்டிக்கொண்டு, அடுத்த பொங்கல் வரை வீட்டுத் தரையில் மின்னும்.

ஆண்டுக்கொரு மரம்

இனி பீருக்கு வருவோம். பீரின் பயணம் அட்டைக்கு நேரெதிர்த் திசையில் தொடங்கியது. இடைக்கால இங்கிலாந்தில் பீர் வடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்பார்கள். சரக்கு தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பை நட்டுவைப்பார்கள். பிறகு ஆலைகள் வந்தன, நீராவி வந்தது, குளிர்பதனம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிர்மஞ்சள் பீர். 1970-களின் இறுதியில் அந்தப் பெரிய நாட்டில் இயங்கிய பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவு. வீட்டில் பீர் வடிப்பதோ சட்டவிரோதம். 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அடுக்களையில் வடித்துப் பழகியவர்களில் பலர் பின்னர் சிறு ஆலைகள் தொடங்கினார்கள். இன்று அங்கே பீர் வடிக்கும் இடங்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

அந்தக் கதவுக்கு முன்பே ஜன்னலைத் திறந்தவர் ஒருவர் இருந்தார். ஃபிரிட்ஸ் மேடேக். வாஷிங்மெஷின் செய்து பணக்காரரான குடும்பத்தின் வாரிசு. 1965-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மூடும் நிலையிலிருந்த ஆங்க்கர் என்ற பழைய பீர் ஆலையின் பெரும்பங்கை வாங்கினார். இன்றைய கிராஃப்ட் பீர் (கைவினை பீர்) இயக்கத்தின் கதையைப் பலரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அவர் 1975-ல் ஒரு வேலை செய்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு தனி பீர். வாடிக்கையாளருக்கு ஆலையின் பரிசு, வாழ்த்து என்று அதற்குப் பொருள். பாட்டிலின் ஒட்டுத்தாளில் கையால் வரைந்த ஒரு மரம், மேலே கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து வாசகம், ஆண்டு. அடுத்த ஆண்டு அதே பீரை மறுபடி வடிக்கவில்லை. பக்குவத்தை மாற்றினார், மரத்தையும் மாற்றினார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே.

2022 வரை இது நிற்காமல் நடந்தது. ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கொரு மரம் வரைந்தார். நவம்பரில் கடைக்கு வரும், ஜனவரி நடுவில் நின்றுபோகும். 1987 முதல் அதில் மசாலாப் பொருள்கள் சேர்ந்தன. என்னென்ன என்று ஆலை சொன்னதே இல்லை. ஜாதிக்காய் என்பார் ஒருவர், லவங்கப்பட்டை என்பார் அடுத்தவர், ஊசியிலை மரத்தின் வாசனை என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். கருஞ்சிவப்பு கலந்த அடர்பழுப்பு நிறம், வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) கசப்பினிப்பு, குடித்த பிறகும் மூக்கில் நிற்கும் மசாலா. சிலர் ஒவ்வோராண்டும் ஒன்றிரண்டு பாட்டிலைத் திறக்காமல் எடுத்துவைத்து, சில ஆண்டு கழித்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சுவைப்பார்கள்.

என்னைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வாழ்த்து அட்டைத் தொடர்களில் ஒன்று அந்த ஒட்டுத்தாள்கள்தான். கையால் வரைந்த படம், ஆண்டைச் சொல்லும் எண், மறுபடி அச்சாகாத பதிப்பு. நல்ல அட்டைக்கு வேண்டியது வேறென்ன? அட்டை செய்கிறவர்கள் அந்தத் தாளைப் பாட்டிலிலிருந்து பிரித்தெடுத்துத் தங்கள் அட்டைகளில் ஒட்டுவது இயல்பாக நடந்தது. எந்தப் பாட்டிலுக்கும் இந்தப் பக்குவம் பலிக்கும்: வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பாட்டிலை அரைமணி நேரம் ஊறவைத்தால், சாதாரணப் பசையில் ஒட்டிய தாள் தானே வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டிக்கர் வகை வராது. எடுத்த தாளை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்துக் கனத்தில் உலர்த்த வேண்டும்.

கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை வட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. 1892-ல் டிரெஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ஸ்புத் மரக்கூழிலிருந்து அதைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரத்தை உறிஞ்சுவதற்காகவே பிறந்த அந்த அட்டை கனமாகவும் மிருதுவாகவும் இருக்கும். முத்திரை குத்த, துளையிட, எழுத அருமையான பொருள். பயன்படுத்தாத வட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆங்க்கர் கதைக்கு நல்ல முடிவு இல்லை. 2017-ல் ஜப்பானின் சப்போரோ நிறுவனம் அதை வாங்கியது. 2023 ஜூனில் அவ்வாண்டு கிறிஸ்துமஸ் பீர் கிடையாது என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஆலையையும் மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். 1896-ல் தொடங்கிய ஆலை. 2024-ல் சொபானி தயிர் நிறுவனத்தின் உரிமையாளர் ஹம்தி உலுகாயா அதை வாங்கியிருக்கிறார்.

பீரையே வாழ்த்தாக்கிய ஆங்க்கருக்கு நேர்மாறான வேடிக்கை டென்மார்க்கில். அங்கே ட்யூபோர்க் நிறுவனம் 1980-ல் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக ஒரு கார்ட்டூன் விளம்பரம் வெளியிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சறுக்குவண்டி, பீர் வண்டியைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி அதன் பின்னால் ஓடும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போகவே, அந்தப் படத்தையே ஒட்டுத்தாளாக்கி அடுத்த ஆண்டு ஒரு பீரையும் செய்தார்கள். வாழ்த்து முதலில் வந்தது, பாட்டில் பின்னால்.

உப்பும் கொத்தமல்லியும்

வழக்கத்துக்கு மாறான பீர் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், தமிழ் நாக்குக்கு நான் சிபாரிசு செய்வது ஜெர்மனியின் கோஸ. ஹார்ஸ் மலையடிவாரத்துக் கோஸ்லார் நகரத்தில் ஓடும் சிற்றாற்றின் பெயர் அது. அங்கே பிறந்து லைப்ஸிக் நகரத்தில் புகழ்பெற்றது. பார்லியோடு சம அளவுக்குக் கோதுமை மால்ட், கொஞ்சம் உப்பு, இடித்த கொத்தமல்லி விதை. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் இனத்தின் வேலையால் வந்த புளிப்பு. ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு பேருக்குத்தான். முதல் வாயில் நம்மூர் நீர்மோர் நினைவுக்கு வராமல் போகாது. வெயிலுக்கு ஏற்ற பானம். போதையும் மிதம், பெரும்பாலும் 4-லிருந்து 5 சதவீதம்.

பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்ற 1516-ம் ஆண்டுப் பவேரியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசும் நாட்டில், உப்பும் மல்லியும் போட்ட பீருக்கு வட்டாரத் தனிச்சரக்கு என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கோஸ பாட்டில் ஒரு விசித்திரம். மூக்குபோல் நீண்ட, குறுகலான கழுத்து. மூடியே கிடையாது. உள்ளே நொதித்துப் பொங்கும் ஈஸ்ட் கழுத்தில் ஏறி உறைந்து தானே அடைப்பாகிவிடும்.

உலகப்போர்களும் கிழக்கு ஜெர்மனியின் அரசியலும் சேர்ந்து கோஸவை ஒழித்தன. கடைசி ஆலை 1966-ல் மூடியதும் அந்த பீர் உலகத்திலேயே இல்லாமல் போனது. 1980-களில் லோத்தார் கோல்ட்ஹான் என்பவர் லைப்ஸிக்கில் ஒரு பழைய கோஸ விடுதியைப் புதுப்பிக்க முனைந்தார். விடுதி இருக்கிறது, பீர் எங்கே? பழைய ஆள்களின் நாக்கில் மிச்சமிருந்த ருசியைக் கேட்டுக் கேட்டுப் பக்குவத்தைத் திரட்டி, கிழக்கு பெர்லினில் ஓர் ஆலையில் வடிக்கவைத்தார். 2000-ல் லைப்ஸிக்கின் பழைய பவேரிய ரயில் நிலையக் கட்டடத்திலேயே ஒரு கோஸ ஆலை வந்தது. பிறகு அமெரிக்கச் சிறு ஆலைகள் இதைப் பிடித்துக்கொண்டு தர்பூசணி, ஆரஞ்சு என்று என்னென்னவோ சேர்த்தன. அவற்றில் பல, பழரசத்தில் உப்பு விழுந்ததுபோலத்தான் இருக்கும். பழையதே மேல்.

சுவைக்கும் முறை எளிது. சோப்பு நெடி இல்லாத கண்ணாடிக் கோப்பை. பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தால் மல்லி வாசனை எழாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். முதலில் மூக்கு, பிறகு சின்ன மடக்கு. ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிற பானம் இது.

நம்மூர்ச் சூழலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். அங்கே இந்த வகைச் சரக்கைத் தேடிப் பயனில்லை. பெங்களூரில் சிறு ஆலைகள் நிறைய. சில இடங்களில் புளிப்பு பீர் அவ்வப்போது வரும். வீட்டில் பீர் வடிப்பது நம் மாநிலச் சட்டப்படி குற்றம், ஆகவே இந்த இரண்டு கைவினைகளில் ஒன்றைத்தான் நாம் வீட்டில் செய்ய முடியும். குடி நாசமாக்கிய குடும்பங்களை அறிந்த மண் இது; குடிக்காதவர்கள் இந்தக் கட்டுரைக்காகத் தொடங்க வேண்டியதில்லை, நீர்மோரே போதும். குடிக்கிறவர்களுக்கு நடைமுறை யோசனை ஒன்று: கத்தி, கத்தரி வேலையெல்லாம் முடிந்த பிறகு பாட்டிலைத் திறங்கள். கோப்பையை அட்டை மேசையில் வைக்காதீர்கள். ஈர வளையம் பதிந்தால் கைக்காகிதத்திலிருந்து போகாது.

அட்டை தயாரானதும் உள்ளே எழுதுங்கள், அதுவும் கையால். 'வாழ்த்துகள்' என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டால் ஹென்றி கோலின் கோடு போட்ட அட்டைக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். அட்டையைப் பெறுகிறவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை இரண்டு வரியாவது எழுதுங்கள். கைவேலை அட்டை கனமானது; பூவும் ஒட்டுத்தாளும் சேர்ந்தால் உறையோடு 20 கிராமைச் சுலபமாகத் தாண்டிவிடும், அப்போது தபால் கட்டணம் கூடும். தபால்தலை குறைவாக ஒட்டினால் மிச்சக் காசை அபராதத்தோடு உங்கள் நண்பரிடம்தான் கேட்பார்கள். தபால் நிலையத்தில் எடை போட்டு ஒட்டுங்கள்.